பாடினால்தான் மிட்டாய்

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் எதிர்வீட்டு லின்டா தன் வீட்டு முற்றத்தில் கல்லறை கட்டத் தொடங்கிவிடுவார். தெர்மோகோலில் வெட்டிச் சாம்பல் நிறம் பூசிய ஐந்தாறு கல்லறைக் கற்கள், பாதி திறந்த ஒரு சவப்பெட்டி, பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு. மழை பெய்தால் எலும்புக்கூட்டுக்கு மழைக்கோட்டு மாட்டுவார், குளிர் கூடினால் கழுத்தில் மஃப்ளர் சுற்றுவார். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டதால் எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது. சென்ற ஆண்டு தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்திறங்கிய அப்பாவுக்குப் பழகவில்லை.

வந்த மூன்றாம் நாள் காலை, அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, கையில் வேதாகமத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன்.

“எதுத்த வீட்டுல பெட்டி கெடக்குளா. யாரு தவறுனான்னு தெரியல. பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு வார்த்த விசாரிக்காட்டா நல்லாவா இருக்கும்?”

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவைக் கடந்துவிட்டார். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலப் பாடம் நடத்தியவர், மொழிக்குத் தட்டுப்பாடு இல்லை. உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், மறைந்தவர் யார் என்று முறையாகக் கேட்டிருக்கிறார். கிழவர் விளையாடுகிறார் என்று நினைத்த லின்டா எலும்புக்கூட்டைக் காட்டி, “என் கணவர்தான். நான் சமைத்து முடிப்பேன் என்று காத்திருந்தே இப்படி ஆகிவிட்டார்” என்றிருக்கிறார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, துக்கத்தில் அந்தம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி அப்பா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். லின்டாவும் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குக் கூட்டி வந்து தேநீர் கொடுத்து ஹாலோவீன் என்றால் என்ன என்று விளக்கினேன். மாதக் கடைசி நாளில் பிள்ளைகள் பேயாகவும் சூனியக்காரியாகவும் வேஷம் போட்டு வீடு வீடாக வருவார்கள், மிட்டாய் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அப்பா தேநீரைக் குடித்து முடித்தார்.

“அப்ப இது தசராதான்” என்றார் பிறகு. “நம்ம வீட்டுல என்னைக்கும் உள்ளதுதான். அன்னைக்குச் சாயங்காலம் வெளக்க அணைச்சுக் கதவச் சாத்திட்டு ஜெபத்துல உக்காந்துருவோம்.”

நாற்பத்திரண்டு வயதில், என் சொந்த வீட்டில் நின்றுகொண்டு, “சரிப்பா” என்றேன். அம்மா இறந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஊர் வீட்டில் தனியாகக் கிடக்க முடியாமல் கடல் தாண்டி வந்திருக்கும் மனுஷனிடம் வேறு என்ன சொல்ல?

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தசராவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புரட்டாசியில் குலசேகரப்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதமிருந்து காப்புக் கட்டி, காளியாகவும் எமனாகவும் கரடியாகவும் போலீஸாகவும் வேஷம் போட்டு, மேளத்தோடு ஊர் ஊராகக் காணிக்கை எடுக்க வருவார்கள். அவர்களைத் தசரா செட்டு என்போம். திருச்செந்தூர் பஸ்ஸில் காளியும் எமனும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சீட்டு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நாளும் எங்கள் ஊரில் மேளச் சத்தம் கேட்டால் போதும், அப்பா முன்கதவைச் சாத்திவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுவார். யார்மேலும் அவருக்கு வெறுப்பில்லை. அவரவர் வழி அவரவருக்கு என்பார். ஆனால் எங்கள் வழியில் கதவு சாத்தியிருக்க வேண்டும். நானும் அக்காமார் இருவரும் பாடிக்கொண்டே ஜன்னல் இடுக்கை ஓரக்கண்ணால் பார்ப்போம்.

ஒன்பது வயதில் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னோடு படித்த செல்வியின் மாமா காளி வேஷம் போடுகிறவர். டியூஷனுக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு செல்வி வீட்டில் போய் நின்றேன். செல்வியின் அம்மா யோசித்தாள். “காப்புக் கட்டாத பிள்ள. காணிக்கத் தட்டத் தொடாத. சும்மா கூட்டத்துக்குக் கடேசில வா” என்று சொல்லி, முகத்தில் சிவப்புச் சாயம் பூசி, இடுப்பில் தென்னங்கயிற்றை வாலாகக் கட்டிவிட்டாள். நான் குரங்கு. அன்றைக்கு எங்கள் தெருவில் நான் குதித்த குதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தினமும் என்னைக் கூப்பிட்டு மார்க்கு எத்தனை என்று கேட்கிற கடைக்கார அண்ணாச்சி, “ஏ கொரங்கே, நல்லா ஆடுதியே” என்று கைதட்டினார். வாத்தியார் மகளை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை.

எங்கள் வீடு வந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பாவின் கனத்த குரல், அம்மாவின் குரல், அக்காமாரின் குரல். “வாத்தியார் வீடு. விடு, அடுத்த வீட்டுக்குப் போலாம்” என்று மாமா சொல்ல, கூட்டம் நகர்ந்தது. நான் நகரவில்லை. எல்லா வீட்டுக் கதவும் எனக்குத் திறந்ததல்லவா? அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. படியேறிப் போய்த் தட்டினேன். மூன்று தடவை தட்டினேன். உள்ளே பாட்டுச் சத்தம் கூடியதே தவிர யாரும் வரவில்லை. பிறகு செல்வி வீட்டுக் கிணற்றடியில் தேங்காயெண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிவிட்டு, டியூஷன் முடிந்து வருகிறவளாக வீட்டுக்குள் போனேன். திருடனுக்குத் தேள் கொட்டியது போல யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை. கதவு திறந்திருந்தால் பிரம்படிதான் விழுந்திருக்கும், அது எனக்குத் தெரியும். இருந்தாலும் திறக்கவில்லையே என்ற குறை இன்றுவரை போகவில்லை.

அதனால்தானோ என்னவோ, இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் வாசல் மணியடித்துத் திறந்தபோது, மூக்கு சிவக்கக் குளிரில் நின்ற மூன்று பிள்ளைகளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் ஒன்று கரடி. வீட்டில் இருந்த பிஸ்கட்டையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். மறு வருஷம் பழைய துணிக் கடையில் பெரியவர்கள் அளவில் ஒரு கரடி உடுப்பு கிடைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் நான் கரடி. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நாள் முழுக்க ரத்தக் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவள், அன்றைக்கு மட்டும் தெருவில் உறுமிக்கொண்டு திரிவேன். மகள் ரூத் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு போனேன். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சபையில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. நான் எந்தக் கட்சியிலும் வாய் திறந்ததில்லை. ஊருக்கு அனுப்புகிற படங்களில் கரடி இருக்காது.

சென்ற ஆண்டு அந்த நாள் வந்தது. கணவருக்கு மாலைப் பணி. எட்டு வயது ரூத் கணவாய் மீன் வேஷத்தில், பஞ்சடைத்த கால்கள் தொங்க வந்து நின்றாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்பா” என்றேன். கரடியைப் பையில் சுருட்டி எடுத்துப் போய் கார் கொட்டகைக்குள் மாட்டிக்கொண்டேன். இங்கே வாசல் விளக்கு எரியாத வீட்டுக்குப் பிள்ளைகள் போக மாட்டார்கள், அது தெருவின் ஒப்பந்தம். நாங்கள் இறங்கி நடந்தபோது எங்கள் வீடு ஒன்றுதான் இருட்டாக இருந்தது. “ஏன், யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று லின்டா கேட்டார். “அப்பாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல்” என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அப்பாவிடம் கரடியை மறைத்தேன், ஊரிடம் அப்பாவை மறைத்தேன். ரூத் வாளி நிறைய மிட்டாய் சேர்த்தாள். எனக்கு அந்த வருஷம் உறுமவே தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தெருமுனை திரும்பும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கூட்டமாக ஆங்கில அரிச்சுவடியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போனால், விளக்கு எரிவது எங்கள் வாசலில். வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா, படியில் நின்று கையை வீசித் தாளம் காட்டுகிறவர் அப்பா. எதிரே ஒரு டைனோசர், இரண்டு சூனியக்காரிகள், ஒரு தீயணைப்பு வீரர். “பின்வரிசை சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும்” என்று ஆங்கிலத்தில் அதட்டினார். டைனோசர் தொண்டை கிழியப் பாடியது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாசரேத்தில் டிசம்பர் மாதம் கேரல் பாட வருகிறவர்களை அப்பா இப்படித்தான் நடத்துவார். வாசலில் வந்து நின்றால் பாட வேண்டும், பாடினால்தான் தட்டு வெளியே வரும். வீட்டுக்கு வீடு வருகிறவர்களை வரவேற்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. பக்கத்து ஸ்டூலில் எவர்சில்வர் தட்டு நிறைய, அவர் சுமந்து வந்த தூத்துக்குடி மக்ரூன். உறையில்லாத தின்பண்டத்தை இந்த ஊர்த் தாய்மார் குப்பையில் போடுவார்களே, அதில் முந்திரி வேறு இருக்கிறதே என்று எனக்குப் பதறியது. ஆனால் லின்டா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். முந்திரி ஆகாத பிள்ளைகளைத் தனியே பிரித்து, நான் அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சாக்லேட் கிண்ணத்தை அப்பாவையே வீட்டுக்குள் தேடி எடுத்து வரச் செய்து விநியோகித்துக்கொண்டிருந்தார். மக்ரூனை அவரே ஏழெட்டு தின்றிருப்பார் போல. “உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் தேவலை” என்றார் என் காதோரமாக.

ரூத் கால்களை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் வரிசையில் நின்றாள். நானும் அவளுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் முறை வந்தது. அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கரடி முகத்துக்குள் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

“கரடியாரும் பாட வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை” என்றார் ஆங்கிலத்தில்.

வாயைத் திறந்தேன். வந்தது எங்கள் குடும்ப ஜெபத்துப் பாட்டு. ஏன் அது வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முதலடி முடிவதற்குள் அப்பாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. என் குரல் உடைந்தது. அடுத்த அடியை அவர் எடுத்துக்கொடுத்தார், பழைய கனத்த குரலில். இருவரும் சேர்ந்து முழுப் பாட்டையும் பாடினோம். அதுவும் ஹாலோவீன் பாட்டுத்தான் என்று நினைத்து டைனோசர் கைதட்டியது.

பிள்ளைகள் வருவது ஓய்ந்ததும் சமையலறையில் தட்டைக் கழுவிக்கொண்டே ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன்.

“வெளக்கு இல்லேன்னும் ரெண்டு பொடிசுவ வந்து தட்டுச்சுவ. நான் பாடிட்டுதான் இருந்தேன்” என்றார். கொஞ்ச நேரம் தட்டைத் துடைத்தார். “அஞ்சு பேரு பாடும்போது வெளிய தட்டுறது கேக்காதுளா. ஒத்த ஆளாப் பாடுனா கேக்குது. கேட்ட பெறவு எப்படித் திறக்காம இருக்க?”

ஆனது ஆகட்டும் என்று அப்போது சொல்லிவிட்டேன். செல்வி வீடு, சிவப்புச் சாயம், தென்னங்கயிறு, எல்லாவற்றையும். முப்பத்து மூன்று வருஷம் கழித்துப் பிரம்படி விழாது என்ற தைரியம்தான். அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நீ கதவத் தட்டுனியா?”

“தட்டுனேன்பா. மூணு தடவ.”

“கேக்கலியேம்மா” என்றார். தட்டைத் துடைத்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஈரக்கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் பாரம் இறங்கிய அழுகை.

மார்ச் மாதம் அப்பா ஊருக்குத் திரும்பினார். இந்தத் தசராவின்போது ஒருநாள், எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம், தொலைபேசியில் கூப்பிட்டார். பேச்சுக்குப் பின்னால் மேளச் சத்தம்.

“செட்டு வந்து நிக்கி. கதவத் திறந்துட்டேன். தண்ணி குடுத்தேன், வெயில்ல நடந்து வந்தவன்லா. காணிக்கயெல்லாம் குடுக்கல, அது நம்ம வழக்கம் இல்ல.”

“பாடச் சொன்னீங்களா?”

“சொல்லாம? பாட்டு வராது, மேளம்தான் வரும்னுட்டான். சரி, அடின்னேன்.” குரலைத் தணித்துக்கொண்டார். “கடேசில சின்னதா ஒரு கொரங்கு நிக்கி. நீயா இருக்குமோன்னு ஒரு நிமிசம் மூஞ்ச உத்துப் பாத்துட்டேன்ளா.”

“அப்பா, போனைக் கொஞ்சம் வெளிய நீட்டுங்க” என்றேன். அவர் நீட்டினார். நான் செருப்புக்கூடப் போடாமல் போய் என் வீட்டு வாசல் கதவைத் திறந்தேன். படியில் மேப்பிள் இலைகள் ஈரமாகக் கிடந்தன, காற்று ஊசியாகக் குத்தியது. கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, நாசரேத்தில் எங்கள் வாசலில் அடித்த மேளம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்து போவதை ஹாலிஃபாக்ஸ் வாசலில் நின்று கேட்டேன்.