நின்று பார்த்தாலும் முழு டிக்கெட்

தியேட்டர் முதலாளி எனக்கு எழுநூற்று நாற்பது பாக்கி வைத்திருந்தார். மூன்று மாதச் சம்பளம். இன்றைக்கு என் பட்டறையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், வாசலில் சொந்த லாரி இரண்டு நிற்கிறது, ஒரு நாள் டீச் செலவே அந்தத் தொகையைத் தாண்டும். அதனால் என்ன? என் பணம் என் பணம்தான். முப்பத்தொரு வருடம் அதை நான் மறக்கவில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அந்தப் படிப்பை வைத்துத்தான் இதையும் எழுதுகிறேன், யாரிடமும் கொடுத்துத் திருத்தவில்லை.

இருபத்துநாலு வயதில் அந்தத் தியேட்டரில் கிழிந்த சீட்டுத் தைக்கச் சேர்ந்தேன். படம் பிடிக்காவிட்டால் ஜனங்கள் பிளேடால் ரெக்சினைக் கீறுவார்கள். பிடித்துவிட்டால் சீட்டின் மேல் ஏறிக் குதித்து ஸ்பிரிங்கை உடைப்பார்கள். எப்படியும் எனக்கு வேலை உண்டு. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், வளைந்த ஊசியும் மெழுகு நூலுமாக வரிசை வரிசையாகக் குனிந்து தைப்பேன். விளக்கு அணைந்ததும் பின்கதவுப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்று படம் பார்ப்பேன். உட்கார்ந்தால் முதலாளி திட்டுவார்.

எனக்கு எல்லாப் படமும் நல்ல படம். கதாநாயகன் ஆறு குண்டு வாங்கிக்கொண்டு, அம்மா மடியில் பத்து நிமிடம் பேசிவிட்டுச் சாவான், நான் அழுவேன். பார்வை போனவள் தலையில் பூந்தொட்டி விழுந்து பார்வை திரும்பும். குதித்துக் குதித்துக் கை தட்டுவேன். ஒரு படத்தில் நாய் கோர்ட்டுக் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும். வக்கீல் கேட்கக் கேட்க அது குரைக்கும், கொலைகாரன் நடுங்கிப்போய் உண்மையைக் கக்குவான். ஊரே சிரித்தது. நான் பதினோரு தடவை பார்த்தேன், பதினோரு தடவையும் விக்கி விக்கி அழுதேன். என் அழுகை திரையில் வரும் சத்தத்தை மிஞ்சும். தியேட்டரில் எனக்குக் 'கைதட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தச் சமயம் ரெக்சின் தைக்கிற பழைய மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. மனைவியின் தோட்டை விற்று இருநூறு முன்பணம் கொடுத்தேன். மாதக் கடைசிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் மிஷினும் போகும், முன்பணமும் போகும். முதலாளி மூன்று மாதமாக "அப்புறம், அப்புறம்" என்று தள்ளிக்கொண்டே வந்த சம்பளத்தைக் கேட்டு அவர் அறைக்குப் போனேன்.

மேஜை மேல் ஒரு நோட்டு இருந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் பக்கத்தில் நின்றார்.

"நூத்தி அறுபது காட்சி பாத்திருக்க. எல்லாம் இவர் குறிச்சு வச்சிருக்கார். பால்கனி டிக்கெட் அஞ்சு. ஆக எண்ணூறு. உன் சம்பளம் எழுநூத்தி நாப்பது. நீதான்டா எனக்கு அறுபது தரணும்" என்றார் முதலாளி.

"முதலாளி, நான் நின்னுக்கிட்டுல்ல பாத்தேன்!"

"நின்னா என்ன, உக்காந்தா என்ன? கண்ணு படத்துலதானே இருந்துச்சு? நின்னு பாத்தாலும் முழு டிக்கெட்டுதான்." நோட்டைப் புரட்டினார். "சரி, நான் ஒண்ணும் அநியாயக்காரன் இல்ல. எந்தப் படம் நல்லா இல்லையோ சொல்லு, அதைக் கழிச்சுடறேன்."

பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு படமும் என் கண்ணுக்குள் ஓடியது. எதை நல்லா இல்லை என்று சொல்வது?

"எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி."

"நாய்ப் படம் கூடவா?"

"இருக்கறதுலயே அதுதான் நல்லா இருந்துச்சு."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ருசி கெட்ட ஜென்மம்! எதைப் போட்டாலும் மேயுது. போ, போ, அந்த அறுபதை நான் கேக்க மாட்டேன்" என்றார்.

மிஷின் வேறொருவன் வீட்டுக்குப் போனது. மனைவி வெறும் காதோடு உட்கார்ந்து கேட்டாள்: "ஒரே ஒரு படத்தையாவது நல்லா இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"நல்லா இருந்ததை எப்படிடி இல்லைன்னு சொல்றது?"

"அப்ப அந்த நாயைக் கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கு வந்து சாட்சி சொல்லட்டும்."

பத்து நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த இரண்டு வருடம் கையாலேயே தைத்தேன். வலது ஆள்காட்டி விரல் வளைந்தது, இன்னும் நிமிரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுநூற்று நாற்பது என்று சொல்லிக்கொள்வேன். பஸ் சீட்டில் தொடங்கினேன், பிறகு சலூன் நாற்காலி, பிறகு தியேட்டர் நாற்காலி. யாரும் கை தூக்கிவிடவில்லை, நானே ஏறினேன். மனைவிக்குத் தோடு மூன்று ஜோடி வாங்கிப் போட்டேன். படம் பார்ப்பதை மட்டும் விடவில்லை. கோபம் அந்த ஆள் மேல்தானே, படத்தின் மேல் என்ன கோபம்? பழி வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. நூற்று அறுபது காட்சி பார்த்தவன் நான்.

போன வருடம் ஒருவர் பட்டறைக்கு வந்தார். மூடிக் கிடக்கும் தியேட்டரைப் புதுப்பிக்கிறார்களாம், நானூற்று இருபது நாற்காலி வேண்டுமாம். எந்தத் தியேட்டர் என்று கேட்டேன். சொன்னார். அதே தியேட்டர்தான். மாமனார் பெயரில் இருக்கிறது, பாங்கு கடன் கொடுக்கிறது என்றார். நான் டீ வாங்கிக் கொடுத்து, விலையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தேன். முதலாளியின் மருமகனுக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இரும்புச் சட்டத்தை முதலில் தரையில் முடுக்கிவிடுவோம். மெத்தையைக் கடைசியில்தான் மாட்டுவோம், இல்லாவிட்டால் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் அதன் மேல் தெறிக்கும். திறப்பு நாளுக்கு முந்தின நாள் மதியம், நானூற்று இருபது மெத்தையோடு என் லாரி தியேட்டர் வாசலில் நின்றது. கயிற்றை அவிழ்க்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். முப்பத்தொரு வருடம் ஒத்திகை பார்த்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது.

உள்ளே இருட்டு. திரையைச் சோதிக்க ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். முதலாளி கைத்தடியோடு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மருமகன். நான் என் பழைய இடத்தில், பின்கதவுச் சுவரில் சாய்ந்தேன். அப்போது திரையில் நாய் கூண்டேறியது.

என்ன செய்ய? முதல் குரைப்பிலேயே எனக்கு விம்மல் வந்துவிட்டது. வாயைப் பொத்தினேன், அடங்கவில்லை.

முதலாளி திரும்பாமலே கேட்டார்: "யாரது? கைதட்டியா?"

வசனமெல்லாம் பறந்துபோனது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, கைதட்டிதான். இந்த நாற்காலியெல்லாம் என்னோடது" என்றேன்.

விளக்கைப் போட்டார்கள். மருமகன் ஓடி வந்தார். "அண்ணே, மெத்தை எங்கண்ணே? காலையில பத்து மணிக்குப் படம்!"

"லாரியில இருக்கு. உங்க மாமனார் எனக்கு எழுநூத்தி நாப்பது தரணும். அது வந்தா மெத்தை இறங்கும்."

"எழுநூத்தி நாப்பது ஆயிரமா?"

"வெறும் எழுநூத்தி நாப்பது."

மருமகன் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா? பில்லுல சேத்துக்குங்கண்ணே, பத்து மடங்கா தரேன்."

"பில்லு வேற, இது வேற. வட்டி வேண்டாம், பத்து மடங்கும் வேண்டாம். அவர் கையால எண்ணி என் கையில வைக்கணும்."

முதலாளி தடியைத் தரையில் தட்டினார். "இப்பக்கூட ஓசியில பாத்துட்டு அழுதியே, அதுக்கு டிக்கெட் யாரு தருவா?"

நான் பையில் இருந்து ஒரு டிக்கெட் விலையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "படம் நல்லா இருந்துச்சு. இந்தாங்க. அன்னைக்கும் வேலைக்காரனுக்கு டிக்கெட் உண்டுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருப்பேன், இல்ல வெளிய நின்னிருப்பேன். பாத்து முடிச்சவன்கிட்ட நோட்டை நீட்டினீங்க பாருங்க, அதுக்குப் பேரு திருட்டு."

"மெத்தை இல்லாம நாளைக்கு ஜனங்க எங்கய்யா உக்காரும்?" என்று கத்தினார்.

"எதுக்கு உக்காரணும்? நிக்கட்டும். நானூத்தி இருபது பேரும் நின்னே பாக்கட்டும். நின்னு பாத்தாலும் முழு டிக்கெட்டுதான்னு சட்டம் போட்டது நீங்கதானே முதலாளி? உங்களுக்கு ஒரு காசு குறையாது."

மருமகன் மாமனாரைப் பார்த்தார். "மாமா, நிஜமா? சம்பளத்தைப் பிடிச்சீங்களா?"

என் வளைந்த விரலைக் கிழவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன். அவர் தலை குனிவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. பாவம் என்று நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை.

மருமகன் டிக்கெட் கவுண்டருக்குப் போய், முன்பதிவில் வந்திருந்த சில்லறை நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து மாமனார் மடியில் கொட்டினார். நான் குனியவில்லை. கையை இடுப்புயரத்தில் விரித்து வைத்தேன். முதலாளி தடியை ஸ்டூலில் சாய்த்துவிட்டு, நோட்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்து வந்தார்.

"சத்தமா எண்ணுங்க" என்றேன்.

பத்து, இருபது என்று தொடங்கினார். நடுவில் ஒரு தடவை தப்பிப்போனது. முதலில் இருந்து எண்ணச் சொன்னேன். எண்ணினார். எழுநூற்று இருபது, எழுநூற்று முப்பது. கடைசிப் பத்தை இரண்டு அஞ்சாக வைத்தார். எழுநூற்று முப்பத்தைந்து. எழுநூற்று நாற்பது.