வைரவர் குடியேறிய சப்பை மூக்கு லொறி

அன்புவழிபுரத்தில் வந்து ஞானசேகரம் என்று கேட்டால் இரண்டு மூன்று பேரைக் காட்டுவார்கள். லொறிக்கார ஞானசேகரம் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள். அவரிடம் ஓடுகிற லொறி ஒன்றும் நிலைத்ததில்லை என்பது வேறு கதை.

பகலில் அவருக்குத் துறைமுகக் கரையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற வேலை. ஆனால் மனம் முழுக்கப் பழைய ஆமி லொறிகளில்தான். வெள்ளைக்காரன் இங்கே கப்பற்படை வைத்திருந்த நாளில், உலகச் சண்டைக்கென்று கொண்டுவந்து இறக்கிய லொறிகள். சண்டை முடிய அவற்றை ஏலத்தில் விட்டான். மர முதலாளிமார் வாங்கிக் காட்டுக்குள் மரம் இழுத்தார்கள். பிறகு எங்கள் நாட்டுச் சண்டை வந்தது; சனம் இடம்பெயர, லொறிகள் நின்ற இடத்திலேயே நின்றுபோயின. அவற்றுக்கு மூக்கு நீளமாக இராது. நாய்க்குட்டி முகம் போலச் சப்பையாக இருக்கும். முன்கண்ணாடி மேற்பக்கம் முன்னுக்குத் தள்ளி, கீழ்ப்பக்கம் உள்ளுக்கு வாங்கி நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாத முகம். ஞானசேகரம் அண்ணரின் தகப்பனார் அப்படி ஒரு லொறியில் கிளீனராக இருந்தவர். “எங்கட வீட்டிலை சோறு வெந்தது அந்தச் சப்பை மூக்காலைதான்” என்பார் அண்ணர்.

என் பெயர் நிக்கலஸ். பாலையூற்றில் ஓட்டோ ஓட்டுகிறேன். லொறி தேடிப் போகிற ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு போகிறவன் நான்தான்.

அவர் தேடுகிற விதமே வேறு. “லொறியைத் தேடினால் கிடையாது, நிக்கலஸ். அதின்ரை துண்டைத் தேடவேணும்” என்பார். ஊருக்குள் போனால் மனிதரைப் பார்க்க மாட்டார். வளவுகளைப் பார்ப்பார். எங்கேயாவது லொறிக் கதவு ஆட்டுக் கொட்டிலின் படலையாக நிற்கும். எஞ்சின் மூடியான பொனற்றைக் கவிழ்த்துப் போட்டு மிளகாய் காயவைத்திருப்பார்கள். வாய்க்காலின் மேல் பாலம் என்று நாங்கள் நடந்து போவது லொறியின் அடிச்சட்டமான சசியாக இருக்கும். ஒரு துண்டு கண்ணில் பட்டுவிட்டால், மிச்சம் அதிக தூரத்தில் இராது. இரும்பை யாரும் கனதூரம் சுமந்து போக மாட்டார்கள். அப்படித் தேடிப் பொறுக்கி மூன்று லொறிகளை எழுப்பியிருந்தார். திருத்துகிறது என்று சொல்ல மாட்டார், எழுப்புகிறது என்பார். எங்கள் ஆண்டவர் லாசரை எழுப்பினது போல என்று நான் நினைத்துக்கொள்வேன். மூன்றும் கொழும்பில் பழைய வாகனம் சேர்க்கிறவர்களிடம் போய்விட்டன.

நான்காவதைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அது பக்கத்துக் காணியில் நின்றது. எஞ்சின் ஒரு உதையில் ஸ்ரார்ட் ஆகும். ஆனால் முன் அச்சு வெடித்துப் போயிருந்தது; முகப்பும் கறள் தின்று கொட்டுண்டு போயிற்று. அச்சு இல்லாமல் ஒரு அடி நகராது. ஒழுங்கை ஒடுக்கம், கிறேன் வர வழியில்லை.

அந்தக் காணி அவருடைய மனைவி புஷ்பவதி அக்காவின் தங்கைக்கு உரியது. தங்கையின் மகள் லக்சனாவுக்குக் கலியாணம் பேசி முடிந்து, சீதனமாக அந்தக் காணியில் வீடு கட்டிக் கொடுக்கிறதாக ஒப்புக்கொண்டார்கள். தை மாதம் அத்திவாரம்.

புஷ்பவதி அக்கா நேராகவே சொல்லிவிட்டார். “பிள்ளை வீடு கட்டுற காணியிலை உங்கட இரும்பு கிடக்கேலாது. தைக்குள்ளை அது தன்ரை காலாலை எழும்பிப் போகவேணும். இல்லாட்டி ஸுஹைருக்குச் சொல்லி வெட்டுவிக்கிறது.”

“துண்டு துண்டாக் கழட்டி வேறை இடத்திலை வைப்பமே, அண்ணை?” என்று நான் கேட்டேன்.

“கழட்டினால் அது லொறி இல்லை. பிறகு என்ரை ஆயுளுக்குள்ளை பூட்டி முடியாது” என்றார்.

ஸுஹைர் குறிஞ்சாக்கேணியில் பழைய இரும்பு வாங்குகிறவர். நல்ல மனிதர். அவரே வந்து லொறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணன், இதை வெட்டுறதெண்டா நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வெட்டுவன். ஆனா வெட்டுவன்” என்றார்.

ஆகவே புரட்டாசியில் முன் அச்சு தேடிப் புறப்பட்டோம். புறப்பட முன்னர் சந்தியில் சிலையாக நிற்கிற அந்தோனியார் சுருவத்தடியில் ஓட்டோவை நிறுத்தி ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறது என் வழக்கம். தொலைந்ததைக் கண்டு தருகிறவர் அவர்தானே. அண்ணர் ஓட்டோவுக்குள் இருந்தபடியே சொன்னார்: “உங்கட ஆளிட்டைத் தெளிவாச் சொல்லும். முன் அச்சும் முகமும். போனமுறை ஓட்டை றிம் ஒண்டைத்தான் காட்டி விட்டவர்.”

அந்தோனியார் அன்றைக்கு நன்றாகக் கேட்டிருக்கிறார். பன்குளம் தாண்டி உள்ளே போய், ஒரு சிறிய ஊரில் மாட்டுப்பட்டியின் படலையைப் பார்த்ததும் அண்ணர் என் தோளைத் தட்டினார். அது ஒரு லொறியின் பின்கதவு. வளவுக்காரி சிவாஜினி என்கிற பெண். புருஷன் கட்டாரில், வயலை அவள் தனியாகப் பார்க்கிறாள். “ஓம், உங்கை பத்தைக்குள்ளை ஒண்டு கிடக்குது” என்று வயல் முடிகிற இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

புதராகக் கொடி மூடிக் கிடந்தது. அண்ணர் கொடியை விலக்க, சப்பை மூக்கு வெளியே வந்தது. வலைக்கம்பி முகப்பு, பொனற் எல்லாம் முழுசாக. பிறகு அவர் வழக்கம்போல மல்லாந்து படுத்து லொறிக்குக் கீழே போனார். இரும்பைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. “நிக்கலஸ்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, “முன் அச்சு வெடிப்பு ஒண்டும் இல்லை.”

வெளியே வந்தவர் சட்டைப் பையிலிருந்து கற்பூரமும் தேசிக்காயும் எடுத்தார். லொறி கிடைத்தால் அவர் முதலில் செய்வது அதுதான். எங்கள் ஊர்ச் சாரதிமார் எல்லோரும் வண்டி எடுக்க முன்னர் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். நிற்கிற வண்டிக்குச் செய்தார், அவ்வளவுதான். பொனற்றைத் துடைத்து மூன்று குறி திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார். சிவாஜினியும் கைகூப்பினாள். நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன்.

“கொண்டுபோங்கோ, அண்ணை,” என்றாள் சிவாஜினி. “உழவு மெசின் திருப்ப இது பெரிய இடைஞ்சல். நாளைக்கே எண்டாலும் கொண்டுபோங்கோ.”

நாளைக்குப் போக முடியவில்லை. றோட்டால் இழுத்து வர அனுமதி எடுக்கவேண்டும் என்றார்கள். அது கைக்கு வர மாரி பிடித்துவிட்டது. அந்த ஊருக்குப் போகிற பாதையில் வெள்ளம் ஏறிற்று. அண்ணர் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்ப்பார். புஷ்பவதி அக்கா பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்.

நத்தார் கழிந்து வெள்ளம் வற்றியபிறகு, ஒரு உழவு மெசினை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனோம். வயல் முடிகிற இடத்தில் பத்தையைக் காணவில்லை. சுற்றிவர வெட்டித் துப்புரவாக்கி, மணல் பரப்பியிருந்தது. லொறிக்கு மேலே நாலு கப்புத் தடி நட்டு, ஓலைக் கிடுகால் கொட்டில் போட்டிருந்தார்கள். பொனற்றில் சிவப்புப் பட்டு. முன்னால் ஒரு சூலம். முகப்புக் கம்பியில் செவ்வரத்தம்பூ மாலை. சாரதி இருக்கிற இடத்தில் விளக்கு எரிந்தது.

அண்ணர் செருப்பைக் கழற்றினார்.

சிவாஜினிதான் கதை சொன்னாள். நாங்கள் வந்து போன கிழமை யானைக் கூட்டம் இறங்கி, அயல் வயல் எல்லாம் மிதித்துத் தின்றது. லொறி நிற்கிற இடம்வரை வந்த கூட்டம், அதைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. அவளுடைய வயலில் ஒரு கதிர் சாயவில்லை. வந்து பார்த்த சனம் லொறியின் நெற்றியில் குங்குமத்தைக் கண்டது. காவல் தெய்வம் வைரவர் வந்து இருந்துவிட்டார் என்று கொட்டில் போட்டது.

அண்ணர் மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, அந்தக் குங்குமம் நான் வைச்சதெல்லே.”

“தெரியும், அண்ணை. நானும் பக்கத்திலைதானே நிண்டனான். அப்ப நீங்கள்தான் வைரவரைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினீங்கள். இருத்தினவரே வந்து எழுப்பிக்கொண்டு போறது நல்லா இருக்கோ, சொல்லுங்கோ.”

அதற்குள் அயலில் உள்ளவர்கள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒருவரும் கோபமாகப் பேசவில்லை. ஒரு கிழவர் மட்டும், “லொறி எடுக்க வந்தவையோ? அப்ப யானையையும் கையோடை கொண்டுபோங்கோ” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கடைசியில் பூப் போட்டுக் கேட்கிறது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே அளவாக வாழையிலையில் மடித்து லொறிக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் கொண்டுபோகலாம். சிவப்பு வந்தால் இல்லை.

“ஆர் எடுக்கிறது?” என்று கேள்வி வந்தது. சிவாஜினி என்னைக் காட்டினாள். “இவர் வேதக்காரர். வைரவரிட்டை இவருக்கு ஒரு அலுவலும் இல்லை. இவர் எடுக்கட்டும்.”

மற்றவர் வீட்டு அலுவலில் கை போடுகிறேன், பொறுத்துக்கொள்ளும் அந்தோனியாரே என்று மனதுக்குள் சொல்லி, கைக்கு வந்ததை எடுத்தேன். சிவாஜினி பிரித்தாள். செவ்வரத்தம்பூ.

“கேட்டதுக்கு மறுமொழி வந்திட்டுது,” என்றார் அண்ணர். வாதாடவில்லை. லொறியைக் கும்பிட்டார். பிறகு, “தங்கச்சி, போக முன்னம் ஒருக்காக் கீழை பாத்திட்டு வரட்டோ? தொட மாட்டன்” என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

ஈர மணலில் படுத்து உள்ளே போனார். வெளியே அவருடைய வெறுங்கால் இரண்டும் மட்டும் தெரிந்தன. கனநேரம் வரவில்லை. சிவாஜினி குந்தி இருந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பிடி என்னதான் இருக்கு, அண்ணை, உதுக்குள்ளை?”

“முன் அச்சு, பிள்ளை. ரெண்டு சில்லும் பூட்டி நிக்கிற இரும்பு. எங்கட லொறிக்கு இது இல்லாததாலைதான் அது நடக்காமல் கிடக்குது. தை பிறந்தால் வெட்டிப்போடுவினம்.”

அவள் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். “பின் சில்லு ரெண்டும் மண்ணுக்குள்ளை வேர் விட்டிட்டுது, என்ன?”

“ஓம். அது இனி லேசிலை அசையாது.”

“முன்னுக்கு உள்ளதும் இல்லாட்டி?”

“பிறகு ஆனை கட்டி இழுத்தாலும் வராது.”

சிவாஜினி எழும்பி மற்றவர்களைப் பார்த்தாள். “கேட்டியளே? இண்டைக்கு அண்ணை வந்தவர், நல்ல மனுஷன், கேட்டார். நாளைக்குக் கேளாமல் ஒருத்தன் மெசினோடை வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனால் நாங்கள் என்ன செய்யிறது? வைரவருக்கு என்னத்துக்குச் சில்லு? இருக்க வந்தவருக்குக் கால் இருந்தால்தான் பயம்.”

கிழவர் தாடையைச் சொறிந்தார். “அதுக்கும் ஒருக்காப் பூப் போடவேணுமெல்லே, பிள்ளை?”

“என்னத்துக்கு, அப்பு? கேட்டது கொண்டுபோறதுக்கு. இது இருத்துறதுக்கு.”

“அதுவும் சரிதான்” என்றார் கிழவர். லொறிக்குக் கீழே இருந்த கால்கள் அசையாமல் இருந்தன. இதெல்லாம் அண்ணரின் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு அவர் வெளியே வந்தார். முகம் முழுக்க மணல். சிவாஜினியைக் கும்பிடப் போனார். அவள் சிரித்துக்கொண்டு விலகி வைரவரைக் காட்டினாள்.

அடுத்த ஞாயிறு சீமெந்தும் கல்லும் கொண்டு போனோம். அண்ணர் முன்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கி, அச்சைக் கழற்றி, கீழே பீடம் கட்டி லொறியை அதன்மேல் இறக்கி வைத்தார். ஊரார் கல் தூக்கித் தந்தார்கள். தான் தேடித் திரிந்த அந்த முகத்தைத் தன் கையாலேயே சீமெந்து வைத்து இறுக்கினார். கறள் தட்டித் துடைத்துக் கழுவி, நல்ல கறுப்புப் பெயின்ற் பூசினார். எல்லாம் முடிந்ததும் பின்னுக்கு நின்று பார்த்தார்.

“வடிவான முகம், என்ன நிக்கலஸ்?”

“ஓம் அண்ணை.”

“இருக்கட்டும். இஞ்சைதான் அதுக்கு வேலை இருக்கு.”

அன்புவழிபுரத்துக்கு வந்து அச்சைப் பூட்டி முடிக்கப் பொங்கலும் கழிந்துவிட்டது. அச்சைக் கண்ணால் கண்டதால் புஷ்பவதி அக்கா அத்திவார நாள்வரை பொறுத்திருந்தார். முகப்புக்குப் பதிலாக ஒரு எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி விரித்து, தட்டி வளைத்துப் பூட்டினார். லொறியைப் பாலையூற்றில் என் வளவுக்குக் கொண்டு போகிறதென்று பேச்சு. எடுக்கிற நாளில் ஒழுங்கை முழுக்கச் சனம். ஸுஹைரும் வந்து நின்றார். “முகமில்லாத லொறி ஓடி இப்பதான் பாக்கிறன், அண்ணன். என்ட கண்ணைத் திறந்துகிட்டே பாக்கிறன்” என்றார்.

அண்ணர் ஏறி எஞ்சினை எடுத்தார். லக்சனா தேசிக்காய்களை முன் சில்லுகளுக்குக் கீழே வைத்தாள். புஷ்பவதி அக்கா தட்டில் கற்பூரத்தை வைத்து நெருப்புப் பெட்டியைத் தட்டினார்.

“இஞ்சேரும், இஞ்சேரும்!” என்று அண்ணர் மேலேயிருந்து கத்தினார். “நிக்கேக்கை கொளுத்தாதையும்!”

“பின்னை எப்ப கொளுத்துறது?”

“ஓடேக்கை!”

“உங்களுக்கென்ன விசரோ?”

“நிண்ட லொறிக்குக் கொளுத்தி நான் பட்டது காணும். உருளட்டும், பிறகு கொளுத்தும்!”

தேசிக்காய்கள் நசிந்தன. லொறி தன் காலால் ஒழுங்கைக்கு இறங்கிற்று. புஷ்பவதி அக்கா ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் எரிகிற கற்பூரத் தட்டோடு, திட்டிக்கொண்டே அதற்குப் பக்கத்தில் நடந்தார். ஒழுங்கை முடிகிற மதகடிவரை நடந்தார்.