எங்கள் வேனின் ஒற்றுமை

கொரோனா ஊசி போட்டுக்கொண்டால் சரியாக இரண்டு வருடத்தில் செத்துவிடுவோம் என்று நான் நம்பினேன். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் ரீசார்ஜ் கடைக்காரர். இன்சூரன்ஸ் பேப்பர் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று மனைவிக்குக் காட்டியும் வைத்தேன். இத்தனைக்கும் அதுவரை ஊசியே போடவில்லை.

பயத்தை வெளியே காட்ட முடியுமா? ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெறும்பூர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும் கம்பெனி வேனில் நான்தான் கோமாளி. "ஊசி போட்டா கையில கரண்டி ஒட்டுதாம்ங்க. கம்பெனிக்குக் காந்தம் வாங்குற செலவு மிச்சம்." வேனே சிரிக்கும். பக்கத்து சீட் வெல்டர் அண்ணன் மட்டும் சிரித்து முடித்துக் கேட்பார்: "நிஜமாவே வேணாங்கிறீங்களா? எனக்கு சுகர் வேற. வீட்டுல போட்டுக்கச் சொல்றாங்க."

பட்டறையில் ஊசி கேம்ப் வருகிறது என்று ஒரு நாள் டிரைவர் சொன்னார். காவிரிப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். நான் பின்பக்கம் திரும்பி, "நாம ஒத்துமையா இருக்கணும். நம்ம வேன்ல ஒருத்தரும் போட்டுக்கக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க" என்றேன். எல்லாரும் கை தூக்கினார்கள். அண்ணன் தயங்கினார்.

"என்னண்ணே, நீங்க மட்டும் தனியா வாழப் போறீங்களா?"

அவரும் தூக்கினார். கேம்ப் அன்று எங்கள் வேனிலிருந்து யாரும் வரிசையில் நிற்கவில்லை.

அந்த வாரமே என் எதிர்வீட்டுக்காரர் மூச்சுத் திணறி ஆம்புலன்ஸில் போனார். மறுநாளே தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கத் திருவானைக்காவலுக்குப் போய் வரிசையில் நின்றேன். நர்ஸம்மா, "ஹெல்மெட் எதுக்கு சார்? ஊசி கையிலதான்" என்றார். அடுத்த நாள் வேனில், வலிக்கிற கையைத் தேய்க்காமல், அதே கரண்டி ஜோக்கைச் சொன்னேன். அண்ணனும் சிரித்தார். அவர் காதில் மட்டுமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா?

இரண்டு மாதம் கழித்து, ஊசி சர்ட்டிபிகேட் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை என்று கேட்டில் நிறுத்தினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு போனை எடுத்தேன். நிமிர்ந்தால், எல்லாப் பயல்களும் போனை எடுத்து நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் போட்டிருக்கிறார்கள். ஒருவன் மணப்பாறை மாமியார் வீடு வரை போய்ப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அண்ணன்கிட்ட ஒருத்தனுக்குக்கூடச் சொல்லத் தோணலையாடா?" என்று கத்தினேன்.

டிரைவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "கை தூக்கச் சொன்னது நீங்கதானே சார்."

அண்ணன் அன்றைக்கு வேனில் இல்லை. நான்கு நாளாக ஆஸ்பத்திரியில், ஆக்சிஜனில் இருந்தார். ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அந்த வாரக் கடைசியில் இறந்துபோனார்.