மாமா தோற்றுப்போன வாதம்

கடவுள் இருக்கிறார் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நான் இதுவரை படித்த வாதங்களை எண்ணி வைத்திருக்கிறேன். இரு தரப்பும் ஏறக்குறையச் சமம். ஒன்றை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன். அது எந்தப் பக்கம் சேரும் என்று இந்த வயதிலும் தெரியவில்லை. தெரியாதது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது, காரைக்காலில் எங்கள் வீட்டிலேயே அத்தையும் மாமாவும் இருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. மாமா பள்ளிக்கூட வாத்தியார், மூக்குப்பொடிக்காரர், கடவுள் இல்லை என்பவர். அப்பா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், கோயிலுக்குப் போகாமல் சாப்பிடாதவர். விளக்கு வைத்ததும் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பிப்பார்கள். நான் இரண்டு கொட்டாங்குச்சிகளோடு பக்கத்தில் உட்காருவேன். ஒன்று அப்பாவுடையது, மற்றது மாமாவுடையது. ஒருவர் வாயடைத்துப் போனால் மற்றவர் கொட்டாங்குச்சியில் ஒரு புளியங்கொட்டை விழும்.

“வீடுன்னா கட்டினவன் ஒருத்தன் வேணும். உலகம் மட்டும் தானா முளைச்சுதா மாப்பிள்ளை?”

“கட்டினவரைக் கட்டினது யாரு மச்சான்?”

“எங்கேயாவது ஓரிடத்துல நிறுத்தணும்ல?”

“நிறுத்தறதுன்னா உலகத்தோடயே நிறுத்திக்கலாமே. ஒரு ஆள் மிச்சம்.”

மாமாவுக்கு ஒரு கொட்டை.

“சரி, தப்பு பண்ணினா உள்ளுக்குள்ள குத்துதே, அது யாரு?” என்பார் அப்பா. மாமா பதிலுக்குப் பொடி டப்பாவைத் தேடுவார். அப்பாவுக்கு ஒரு கொட்டை. புயலில் செத்துப்போன, பக்கத்து ஊர்த் திருவேட்டக்குடிப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று மாமா கேட்ட அன்று, அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். நான் இரண்டு கொட்டைகளாகப் போட்டேன்.

அந்த ஆண்டு மாங்கனித் திருவிழா நெருங்கியது. சுவாமி ஊர்வலம் வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். பிள்ளையில்லாத பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். கனி தானாக வந்து விழவேண்டும். கீழே கிடந்ததைப் பொறுக்கினால் பலிக்காது என்பது அத்தையின் நம்பிக்கை. பல வருஷமாக ஏந்தி நின்றும் அத்தைக்கு ஒரு கனிகூட விழவில்லை.

“எத்தனை பேருக்குப் பிள்ளை பிறந்திருக்கு! அவங்களே வந்து சொல்றாங்களே,” என்றார் அப்பா.

“பிறந்தவங்க வந்து சொல்றாங்க மச்சான். கனி கிடைச்சும் பிறக்காதவங்க வாயைத் திறக்கிறதில்ல. நீங்க பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறீங்க.”

நான் மாமாவின் கொட்டாங்குச்சியில் கொட்டையைப் போட்ட சத்தம் கேட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, கீரையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். மாமா அந்தக் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவன்று தலைவலி என்று மாமா வீட்டில் தங்கிவிட்டார். அப்பா ஊர்வலத்தோடு போய்விட, நான் அத்தைக்குப் பக்கத்தில், ஒரு கடையின் படிமேல் நின்றேன். மாம்பழங்கள் பறந்தன. எல்லாம் எங்களைத் தாண்டி விழுந்தன. சுவாமி கடந்துபோகும் நேரம், எதிர்மாடியில் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து ஒரு ஆள் முண்டியடித்து முன்னால் வந்தார். மாமா! கையில் ஒரே ஒரு பழம். குறி பார்த்து எறிந்தார். அது நேராக அத்தையின் முந்தானையில் விழுந்தது.

அத்தை அழுதார். நான் நிமிர்ந்து பார்த்தபோது மாடியில் மாமா இல்லை. அத்தை பழத்தை முகர்ந்தார். எனக்கும் நீட்டினார். மாம்பழ வாசனைக்கு மேலே மூக்குப்பொடி நெடி. மாமா மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் திக்கென்றது. ஆனால் அத்தை வெற்று மாடியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பழத்தை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டார்.

வீட்டில் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“அவ்வளவு கூட்டத்துல குறி பார்த்த மாதிரி இவ மடியில விழுந்துச்சே! இதுக்கு என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாமா ஜெயித்துவிடுவார். நான் கையில் கொட்டையோடு காத்திருந்தேன்.

“இதுக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல மச்சான்,” என்றார் மாமா.

அத்தை பழத்தை அரிந்து, பாதியை அவரிடம் நீட்டினார். “நீங்களும் சாப்பிடுங்க.” மாமா இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பழத்தைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதும் இல்லை. தெரிந்துகொண்டே ஒருவர் ஏன் தோற்கிறார், தெரிந்துகொண்டே இன்னொருவர் ஏன் ஏந்திக்கொள்கிறார் என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை. விளக்கு அணைத்த பிறகும் அந்தப் புளியங்கொட்டை என் கையிலேயே இருந்தது.