சாச்சா பார்த்த துளி

புது நுணுக்குக்காட்டி வந்த பிறகும் பழையதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. கல்முனைக்கு நான் மிருக வைத்தியராக வந்த புதிதில், வாப்பாவின் தம்பியான என் சாச்சா ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்து பார்த்தது அதில்தான்.

சவளக்கடைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் பல பேருடைய மாடுகளும் ஒன்றாக மேயும். நடுவே சாச்சாவின் காளை ராசா மாதிரித் திரியும். பள்ளிவாசல் கந்தூரி விருந்துக்கு அறுக்கவென்று அவர் நேர்ந்து விட்டது. நேர்ந்த மாட்டை யாரும் கட்டமாட்டார்கள், விரட்டமாட்டார்கள். தங்கள் பசுவோடு அது சேர்ந்தால் பரக்கத் என்பார்கள். ஆனால் அந்த வருடம் பசுக்கள் சினை பிடிப்பதும் கலைவதுமாகவே இருந்தன. கன்றில்லை, பாலில்லை, தயிர்ச்சட்டிகள் கவிழ்ந்தே கிடந்தன. கண்ணூறு என்றார்கள், புல்லில் சத்தில்லை என்றார்கள். காளையை மட்டும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை. நோஞ்சானாக இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இதுவோ மினுமினுவென்று இருந்தது.

எனக்கோ அதன்மேல்தான் சந்தேகம். காளையின் குறியை மூடிய உறையைக் கழுவி எடுத்த நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்தேன். வாலை உதறி உதறி ஓடித் திரிந்தது ஓர் ஒட்டுண்ணி. காளைக்கு ஒரு நோவும் தராமல் அதிலேயே குடியிருந்து, சேர்ந்த பசுக்களின் கருவையெல்லாம் கலைத்தது அதுதான். படித்ததுதான், ஆனாலும் கண்ணால் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாச்சாவும் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சுப்ஹானல்லாஹ்! இதுக்கும் உசிரும் இரையும் குடுத்து வெச்சிரிக்கானே, மகள்" என்றார். பிறகுதான் மெல்லக் கேட்டார்: "அப்ப, என்ட மாட்டாலதானா எல்லாம்?"

"ஓம் சாச்சா" என்றேன். காளைக்கு இது தீராது, பசுக்களைச் சில மாதம் காளை சேராமல் விட்டால் தேறிவிடும், இறைச்சிக்குப் பழுதில்லை என்றும் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மாட்டுக்காரர்களை நிறுத்தி வைத்து, "என்ட மாட்டாலதான் உங்கட மாட்டுக் கண்டெல்லாம் போச்சி. பொறுத்துக்கங்க" என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. காளையை அறுத்து, கந்தூரியை முன்கூட்டியே வைத்தார். ஊரே இறைச்சி உண்டது. நேர்ந்தவர் அதில் உண்ணக் கூடாதென்று சாச்சா வெறும் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த மனிதரைப் பார்த்தபோது மறுபடியும் எனக்குச் சிலிர்த்தது.

இப்போது யார் புதுக் காளை வாங்கினாலும், பட்டியில் விடுமுன் சாச்சா அதை என் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார். போன கிழமையும் ஒன்று வந்தது. "ஒண்டுமில்ல சாச்சா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஆனாலும் தானும் பார்க்கவேண்டும் என்று பழைய நுணுக்குக்காட்டியில் குனிந்தவர், அன்று கண்ட அந்த உசிரைத் தேடுகிறவர்போல நெடுநேரம் நிமிரவேயில்லை.