மதுரை பஸ்ஸும் நான் குடிக்காத தண்ணீரும்

பாளையங்கோட்டைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இடது காலில் செருப்பு இல்லை என்று ஒரு மாணவி சொன்னாள். அது கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு வாரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் (தண்டுவட அழற்சி) என்றார்கள்.

ஊசிகளும் உடற்பயிற்சியும் பாதி நடையைத் திருப்பித் தந்தன. வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடப்பேன். சிறுநீரைத்தான் அடக்க முடியாது.

மாதம் ஒருமுறை மதுரையில் பரிசோதனை. பஸ்ஸின் முதல் படியே என் முழங்காலுக்கு மேலே இருந்தது. கணவர் பின்னாலிருந்து தாங்க, கண்டக்டர் கையைப் பிடித்து இழுக்க, மூட்டையைப் போல ஏறினேன். இனி மதுரை வரை இறங்குவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அதற்கு நான் கண்ட வழி, முந்தைய நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஆசிரியைகளுக்கு இது கைவந்த கலை. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து இருபது வருடம் அப்படித்தானே காலம் தள்ளினோம்.

நான்காவது பயணத்தில் பஸ்ஸிலேயே உடம்பு நடுங்கியது. பைலோநெப்ரைட்டிஸ் (சிறுநீரகத் தொற்று) என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மாவுக்குக் கோபம்.

"தண்ணி குடிக்காதீங்கன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல டாக்டர். பஸ்ல வரணும்லா."

"கால் பாதி திரும்பிருச்சு. கிட்னி போனா திரும்பாது."

என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வெட்கப்பட்டேன். பயமும் வந்தது.

அடுத்த மாதம் பாட்டில் நிறையத் தண்ணீரோடு ஏறிக் குடித்துக்கொண்டே போனேன். கோவில்பட்டி தாண்டியதும் தாங்கவில்லை. கணவர் கண்டக்டரிடம் மெல்லக் கேட்டார்.

"இங்கன எப்படி சார் நிறுத்த முடியும்?" என்றார் அவர்.

வகுப்பறைக் குரலில் நானே சொன்னேன்: "எனக்கு ஒண்ணுக்கு வருது அண்ணாச்சி. நிறுத்துங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். கழிப்பறைக்கு மூன்று படிகள். மூன்றாவதை எட்டுவதற்குள் சேலை நனைந்துவிட்டது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முன்பு மதுரை எனக்கு மூன்று மணி நேரப் பயணம். இப்போது கடிகாரம் பார்ப்பதில்லை. எங்கே கழிப்பறைக் கதவு இருக்கிறது, அதற்கு எத்தனை படி என்று உடம்புதான் கணக்குப் பார்க்கிறது. என் நிலையில் இருப்பவர்களே, வெட்கத்துக்காகச் சிறுநீரகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பையிலிருந்த மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு, மறுபடி மூட்டையாக ஏறி உட்கார்ந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைத் திறந்தேன். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதுரை வந்தபெறகு குடிக்கலாம்ட்டி."

பிரியத்தில்தான் சொன்னார். கையை விடுவித்துக்கொண்டு குடித்தேன்.