பரண் மேல் மலைக்கிடா

கிடா நாற்றம் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அது மசக்கையோடு சேர்ந்து வந்தது. எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த முதல் வருஷம். பக்ரீத் அப்போது மழைக்காலத்தில் வந்தது. கயிற்றுக்கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், பெருநாள் பலியான குர்பானிக்கென்று ஜவ்வாது மலையிலிருந்து ஒரு கறுப்புக் கிடாவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பெருநாளுக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது.

"நம்ம ஊரு ஆடு மாரி இல்ல, ஒசரத்தப் பாரு, காலப் பாரு. காது நுனி ரெண்டா பிரிஞ்சிகீது பாத்தியா? அசல் மலை ஜாதிக்கு அதான் அடையாளம்" என்றார்.

நான் பார்த்தது வேறு. அது முன்பக்கமாகக் குனிந்து, தன் மூத்திரத்தைத் தன் தாடியிலேயே பீய்ச்சிக்கொண்டது. பிறகு அதையே முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி, ஈறைக் காட்டி இளித்தது. பிசுபிசுத்த அந்தத் தாடியை இவர் ஆசையாகத் தடவிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். அங்கேயும் அதுதானே நின்றது!

ஈரத்தரையில் நின்றால் மலை ஆட்டுக்குக் குளம்பு அழுகிவிடுமாம். அதனால் பலகையில் ஒரு பரண் அடித்தார், சரியாக அடுப்படி ஜன்னலுக்கு நேராக. பலகை இடுக்கு வழியாகப் புழுக்கை விழும், மழையில் ஊறும், ஈ மொய்க்கும். அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தரையில் விழுந்த இலையைத் துரை தொடமாட்டார். மூத்திரத்தில் முகம் கழுவுகிறவருக்குச் சாப்பாட்டில் மட்டும் அவ்வளவு சுத்தம்.

சோறு உள்ளே போகாமல் நான் துரும்பாக இளைத்தேன். வயிற்றுப்பிள்ளை வளரவில்லை என்று டாக்டரம்மா திட்டினார். பெருநாள் வந்தால் தொலைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள், அறுப்பதற்குப் பேசியிருந்த கறிக்கடை பாய் கிடாவைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். பல்லைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், காதைப் பிடித்தவர் விடவில்லை.

"இன்னா அண்ணாத்த, இது பொறப்புக் காது இல்ல. யாரு ஆடுன்னு தெரியறதுக்கு மலையில வெட்டி உட்டுகிறாங்க. ஒரு துண்டே பூட்ச்சி பாரு. ஒடம்புல கொறை கீற ஆடு குர்பானிக்கு ஆவாது."

என் வீட்டுக்காரர் அலையாய் அலைந்து ஒரு செம்மறிக்கிடாவைப் பிடித்து வந்தார். பெருநாள் குறையில்லாமல் நடந்தது. ஆனால் மலைக்கிடா பரண் மேலேயே நின்றது. இவ்வளவு நல்ல ஜாதியை வீணாக்கக் கூடாதாம், பொலிகிடாவாக வைத்துக்கொள்ளலாமாம். சுற்றுப்பட்டு ஆட்கள் பெட்டை ஆடுகளை ஓட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அதற்குக் குஷி பிறந்து நாற்றம் இரண்டு மடங்கானது. நான் அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து இவர் அழைக்க வந்தார். ஆளுக்கு முன்னால் சட்டை நாற்றம் உள்ளே நுழைந்தது.

"வூட்டுக்கு வா."

"அந்தக் கிடா கீற வூட்டுக்கு வரமாட்டேன். அதுவா நானான்னு சொல்லுங்க."

கிடாவை விற்றார், நானும் திரும்பிப் போனேன், பெண் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் அன்றைக்குப் பதில் சொல்வதற்கு முன், என் வயிற்றைப் பார்த்து, கூரையைப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்தாரே, அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.